ரிவியூக்களைப் படித்துச் சொல்லும் கருவிகளை எப்படி எடை போடுவது?

"இந்த ஆப் போலி ரிவியூவை அப்படியே கண்டுபிடித்துவிடும்" என்பார் ஒருவர். "அதெல்லாம் சும்மா, ஒன்றுக்கும் உதவாது" என்பார் இன்னொருவர். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். முதலாமவர் விளம்பரத்தில் பார்த்த ஒரு சதவீதத்தைச் சொல்வார். இரண்டாமவர் அந்த ஆப் தப்பாகச் சொன்ன ஒரே ஒரு ரிவியூவைக் காட்டுவார். ஒரு கருவியை நம்பலாமா கூடாதா என்று முடிவெடுக்க இந்த இரண்டுமே போதாது.

இது பொழுதுபோக்குச் சண்டை இல்லை. அப்போது ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலில் இருந்த மைக்கேல் லூகா, அமெரிக்காவின் சியாட்டில் நகர உணவகங்கள் யெல்ப் என்ற ரிவியூத் தளத்தில் பெற்ற ஸ்டார்களையும் அவற்றின் வருமானத்தையும் ஒப்பிட்டு 2011இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஒரு ஸ்டார் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் வரை கூடுகிறது என்று அதில் தெரிந்தது. அதுவும் தனிக் கடைகளுக்குத்தான். ஊரெல்லாம் கிளை வைத்திருக்கும் பெரிய உணவகங்களுக்கு அந்த விளைவு இல்லை. அதாவது, பெயர் தெரியாத சின்ன வியாபாரிக்குத்தான் ரிவியூ உயிர்நாடி. அந்த ரிவியூக்களுக்கும் நமக்கும் நடுவில் ஒரு மென்பொருள் உட்கார்ந்துகொண்டு "இதைப் படி, இதை நம்பாதே, மொத்தத்தில் விஷயம் இதுதான்" என்று சொல்கிறது என்றால், அதைச் சோதித்துப் பார்க்கத் தெரிந்திருப்பது அவசியம். கணக்கு என்றாலே ஒதுங்குபவர்களுக்கும் இது புரியும். கூட்டல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

பெயர் ஒன்று, வேலை மூன்று

"ரிவியூ அனாலிசிஸ் டூல்" என்ற ஒரே பெயரில் மூன்று வேறு வேறு வேலைகளைச் செய்யும் கருவிகள் உலவுகின்றன. பாதிக் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

முதல் வேலை, எழுதியவர் திருப்தியாக இருக்கிறாரா, கடுப்பில் இருக்கிறாரா என்று பிரிப்பது. இதற்கு உணர்வுப் பகுப்பாய்வு என்று பெயர். இதிலேயே கொஞ்சம் முன்னேறியவை, பொருளின் ஒவ்வொரு அம்சத்தையும் தனித்தனியாகப் பார்க்கும்: கேமராவின் படம் பற்றி என்ன சொல்கிறார்கள், எடை பற்றி என்ன சொல்கிறார்கள், பேட்டரி பற்றி என்ன என்று. மின்கிங் ஹூ, பிங் லியூ என்ற இருவர் 2004இல் வெளியிட்ட ஆய்வு இந்த வழிக்கு அடித்தளம் போட்டவற்றில் ஒன்று.

இரண்டாவது வேலை, போலியைப் பிடிப்பது. காசு வாங்கிக்கொண்டோ, பொருளைத் தொட்டுக்கூடப் பார்க்காமலோ எழுதப்பட்ட ரிவியூக்களை அடையாளம் காட்டுவது.

மூன்றாவது, சுருக்குவது. ஆயிரக்கணக்கான ரிவியூக்களை ஒரு பத்தியில் சொல்லிவிடுவது. 2023 ஆகஸ்டில் அமேசான் செயற்கை நுண்ணறிவு எழுதும் ரிவியூச் சுருக்கங்களை அறிமுகப்படுத்திய பிறகு இந்த வகை எல்லோர் கண்ணிலும் படத் தொடங்கியது.

இந்த மூன்றுக்கும் சோதனை ஒன்றல்ல. உணர்வைச் சரியாகப் பிரிக்கும் கருவி போலியைக் கண்டுபிடிக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. போலி ரிவியூவில் பொங்கி வழியும் மகிழ்ச்சியை அது "மிக நல்ல கருத்து" என்று ஒழுங்காகவே குறித்துவைக்கும். அதன் வேலையைப் பொறுத்தவரை அது செய்தது சரிதான்.

துல்லியம் என்ற ஒற்றை எண்

விளம்பரங்களில் வரும் எண்ணுக்குப் பெரும்பாலும் துல்லியம் என்று பெயர். அதன் பொருள் எளிது: கருவி பார்த்த நூறு ரிவியூக்களில் எத்தனைக்குச் சரியான பதில் சொன்னது என்பதுதான். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் ரிவியூக்கள் விஷயத்தில் இந்த எண் ஆளை ஏமாற்றும்.

காரணம், ரிவியூக்கள் சமமாகப் பிரிந்து கிடப்பதில்லை. அமேசான் போன்ற தளங்களில் ஸ்டார்களை எண்ணிப் படம் வரைந்தால் 5 ஸ்டார் மலைபோல் நிற்கும், 1 ஸ்டார் சின்ன மேடாகத் தெரியும், நடுவில் பள்ளம். நான் ஹூ, பால் பாவ்லூ, ஜீ ஜாங் ஆகியோர் 2009இல் இதை விரிவாக எழுதினார்கள். பிடிக்கும் என்று நினைப்பவர்தான் பொருளையே வாங்குகிறார். வாங்கியவர்களிலும் ரொம்பப் பிடித்தவரும் ரொம்ப வெறுத்தவரும்தான் மெனக்கெட்டு எழுதுகிறார்கள். "பரவாயில்லை" என்று நினைப்பவர் எழுதாமலே போய்விடுகிறார்.

சரி, ஒரு பொருளுக்கு வந்த ரிவியூக்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பாராட்டு என்று வைத்துக்கொள்வோம். எதையுமே படிக்காமல் எல்லாவற்றுக்கும் "பாராட்டு" என்று முத்திரை குத்தும் ஒரு வெற்றுக் கருவியை யாராவது எழுதினால், அதன் துல்லியம் 90 சதவீதம். நீங்கள் தேடிப் போனது அந்தப் பத்துக் குறைகளைத்தான். அதில் ஒன்றைக்கூட அது காட்டவில்லை. ஆனால் எண் என்னவோ 90.

அதனால் யாராவது ஒரு துல்லிய எண்ணைச் சொன்னால், முதலில் கேட்க வேண்டியது: கண்ணை மூடிக்கொண்டு ஒரே பதிலைச் சொல்லும் கருவிக்கு இதே ரிவியூக்களில் எத்தனை கிடைக்கும்? அந்த எண்ணுக்கு மேலே எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதுதான் கருவியின் உண்மையான உழைப்பு. அடிப்படை அளவு என்று இதைச் சொல்வார்கள். அடிப்படை அளவு இல்லாமல் தனியாக வரும் சதவீதத்தை நான் பொருட்படுத்துவதில்லை. நீங்களும் அப்படியே செய்யலாம் என்பது என் கருத்து.

குரைக்கிற நாயும் குரைக்காத நாயும்

வீட்டு வாசலில் ஒரு காவல் நாய் இருக்கிறது. தெருவில் போகிற எல்லோரையும் பார்த்துக் குரைக்கிறது. திருடன் வந்தாலும் குரைக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் நாலு நாளில் அது குரைப்பதை யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். பக்கத்து வீட்டு நாய் அதற்கு நேர்மாறு. நூறு சதவீதம் உறுதியானால்தான் வாயைத் திறக்கும். அது குரைத்தால் எல்லோரும் ஓடி வருவார்கள். என்ன, பத்துத் திருடரில் எட்டுப் பேர் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

இந்த இரண்டு நாய்களின் குணத்தையும் அளக்க இரண்டு தனித்தனி எண்கள் இருக்கின்றன. வந்த திருடர்களில் எத்தனை பேரைப் பார்த்துக் குரைத்தது என்பது ரீகால். குரைத்த தடவைகளில் எத்தனை தடவை உண்மையிலேயே திருடன் நின்றான் என்பது பிரிசிஷன். முதல் நாய்க்கு ரீகால் அதிகம், பிரிசிஷன் குறைவு. இரண்டாவதற்கு நேர் எதிர்.

போலி ரிவியூக்களுக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். ஒரு பொருளுக்கு 1000 ரிவியூக்கள். அதில் 50 போலி, 950 உண்மை. (இது விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்ட எண்.) ஒரு கருவி போலிகளில் 90 சதவீதத்தைப் பிடிக்கிறது, உண்மையானவற்றில் 10 சதவீதத்தைத் தவறாகப் போலி என்கிறது. கேட்டால் நல்ல கருவியாகத்தான் தோன்றும்.

கணக்குப் போடுவோம். 50 போலியில் 45 மாட்டின. 950 உண்மை ரிவியூக்களில் 95 தவறாக மாட்டின. ஆக, "போலி" என்று சிவப்புக் குறி விழுந்தவை 140. அதில் நிஜமான போலி 45 மட்டுமே. பிரிசிஷன் 32 சதவீதம். அதாவது இந்தக் கருவி சந்தேகிக்கும் மூன்று பேரில் இரண்டு பேர், காசு கொடுத்துப் பொருளை வாங்கி, நேரம் ஒதுக்கி, நேர்மையாக எழுதிய மனிதர்கள்.

இப்போது இதே கருவியின் துல்லியத்தைப் பாருங்கள். 45 போலி, 855 உண்மை, மொத்தம் 900 சரியான பதில்கள். 90 சதவீதம். இதே இடத்தில் எதையுமே போலி என்று சொல்லாத, வாயே திறக்காத ஒரு கருவியை வைத்தால் அதற்கு 950 சரி. 95 சதவீதம்! தூங்கும் நாய் துல்லியத்தில் ஜெயிக்கிறது. துல்லியம் என்ற ஒற்றை எண்ணை வைத்துப் போலி பிடிக்கும் கருவிகளை ஒப்பிடக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இதற்கு மேல் காரணம் வேண்டாம்.

இன்னும் ஒன்று. அதே கருவியை, பாதி போலி பாதி உண்மை என்று கலந்த 1000 ரிவியூக்களில் விட்டால் என்ன ஆகும்? 500 போலியில் 450 மாட்டும். 500 உண்மையில் 50 தவறாக மாட்டும். பிரிசிஷன் 32லிருந்து 90க்குத் தாவிவிட்டது. கருவியில் ஒரு வரிகூட மாறவில்லை. போலிகளின் விகிதம் மட்டும்தான் மாறியது. இந்த விகிதத்தை அடிப்படை விகிதம் என்பார்கள். சோதனைக்கூடத்தில் பெரும்பாலும் பாதிக்குப் பாதி கலந்து வைத்துத்தான் சோதிப்பார்கள். சந்தையில் அப்படிக் கலந்து கிடக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

இதுவரை பார்த்தது: கருவி எந்த வேலைக்கானது என்று முதலில் பிரிக்க வேண்டும். துல்லியத்தைத் தனியாக நம்பக் கூடாது. பிரிசிஷன், ரீகால் இரண்டையும் கேட்க வேண்டும். அவை எந்த அடிப்படை விகிதத்தில் அளக்கப்பட்டன என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

விடைக்குறிப்பை யார் எழுதினார்கள்?

சரி, "50 போலி" என்று மேலே சொன்னேனே, அது போலி என்று யாருக்குத் தெரியும்? கருவியின் பதிலைச் சரிபார்க்க ஏற்கெனவே சரியான விடை கையில் இருக்க வேண்டும். விடை குறிக்கப்பட்ட அந்த ரிவியூத் தொகுப்பைச் சோதனைத் தொகுப்பு என்பார்கள். ஒரு கருவியின் மதிப்பீடு எவ்வளவு நம்பத்தக்கது என்பதை முக்கால்வாசி இதுதான் தீர்மானிக்கிறது. பேச்சில் இது கிட்டத்தட்ட வருவதே இல்லை.

இதில் ஒரு புகழ்பெற்ற ஆய்வு உண்டு. மைல் ஆட் தலைமையில் நான்கு பேர் 2011இல் வெளியிட்டது. சிகாகோவின் 20 ஹோட்டல்களை எடுத்துக்கொண்டார்கள். டிரிப்அட்வைசர் என்ற பயண ரிவியூத் தளத்திலிருந்து 400 உண்மை ரிவியூக்கள். இன்னொரு 400 ரிவியூக்களை, அந்த ஹோட்டலுக்குப் போகாதவர்களிடம் காசு கொடுத்து எழுதி வாங்கினார்கள். பிறகு மனிதர்களிடம் கொடுத்து எது போலி என்று கேட்டார்கள். நாணயத்தைச் சுண்டிப் பார்த்துச் சொன்னால் கிடைக்கும் அளவைவிட அவர்கள் பெரிதாக மேலே போகவில்லை. மென்பொருளோ கிட்டத்தட்ட 90 சதவீதம் சரியாகச் சொன்னது.

இந்தச் செய்தி பரவியபோது "கம்ப்யூட்டர் போலியைக் கண்டுபிடித்துவிடும்" என்பதே மக்கள் மனதில் தங்கியது. இரண்டு வருடம் கழித்து, 2013இல், அர்ஜுன் முகர்ஜியும் சக ஆய்வாளர்களும் அதே மாதிரி, எழுத்தை மட்டும் பார்க்கும் முறையை யெல்ப் தளத்தின் நிஜ ரிவியூக்களில் ஓட்டிப் பார்த்தார்கள். துல்லியம் 67.8 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. கூலிக்கு எழுதச் சொன்னவர்கள் எழுதிய போலி வேறு, பிழைப்பே அதுவாக வைத்திருப்பவர் எழுதும் போலி வேறு. ஒரு நாளில் எத்தனை ரிவியூ எழுதுகிறார், எல்லாமே 5 ஸ்டாரா என்பது போன்ற நடத்தைத் தகவல்கள் எழுத்தைவிட நன்றாகக் காட்டிக்கொடுத்தன.

முகர்ஜியின் ஆய்விலும் விடை எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். யெல்ப் வடிகட்டி ஒதுக்கியவற்றைப் போலி என்று எடுத்துக்கொண்டார்கள். அந்த வடிகட்டியும் ஒரு மென்பொருள்தான். வேறு வழியில்லாத நிலைமை இது. ஒரு ரிவியூ உண்மையா என்பது எழுதியவர் மனதுக்கு மட்டுமே முழுதாகத் தெரியும். அதனால் போலி பிடிக்கும் கருவி எதுவாக இருந்தாலும், அது சொல்வது "சந்தேகம்" என்ற அளவில்தான் நிற்க வேண்டும். "இந்தக் கடைக்காரர் ஏமாற்றுக்காரர்" என்று தீர்ப்பெழுத அதில் இடமே இல்லை.

உணர்வுப் பகுப்பாய்வில் நிலைமை கொஞ்சம் தேவலை. படிக்கிற மனிதர்களே விடை குறிக்கலாம். ஆனால் அங்கேயும் ஒரு குறுக்கு வழி பழக்கத்தில் இருக்கிறது: 5 ஸ்டார் என்றால் பாராட்டு, 1 ஸ்டார் என்றால் திட்டு என்று ஸ்டாரையே விடையாக வைத்துவிடுவது. "பொருள் அருமை, கூரியர்காரர் மூன்று நாள் அலைக்கழித்தார்" என்று எழுதி 1 ஸ்டார் போடுபவர்கள் ஏராளம். அந்த 1 பொருளுக்கா, கூரியருக்கா?

நல்ல சோதனைத் தொகுப்பில் ஒரே ரிவியூவை இரண்டு பேராவது தனித்தனியாகப் படித்து விடை குறித்திருப்பார்கள். இருவரும் எவ்வளவு ஒத்துப்போனார்கள் என்பதை அளக்க, ஜேக்கப் கோஹன் 1960இல் தந்த கப்பா என்ற அளவை இன்றும் புழங்குகிறது. தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டு மிச்சத்தை அளப்பது அது. படித்த மனிதர்களே அடிக்கடி முரண்படும் இடத்தில், ஒரு கருவி 98 சதவீதம் சரி என்று வந்தால், அது யாருடைய விடையோடு ஒத்துப்போகிறது என்று யோசிக்க வேண்டும்.

ஒரு வாக்கியத்துக்குள் போய்ப் பார்ப்போம்

எண்களை விட்டுவிட்டு ஒரு ரிவியூவைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். நான் எழுதிக்கொண்ட உதாரணம்:

"சார்ஜ் நாள் முழுக்க நிற்கிறது. சார்ஜ் ஏறுவதற்கும் நாள் முழுக்க ஆகிறது."

நமக்குச் சட்டென்று புரிகிறது. முதல் வாக்கியம் பாராட்டு, இரண்டாவது புகார். ஆனால் இரண்டிலும் "நாள் முழுக்க" என்ற அதே சொற்கள். திட்டும் சொல் ஒன்றுகூட இல்லை. சொற்களை எண்ணி மதிப்பெண் போடும் பழைய பாணிக் கருவி, இரண்டையும் பாராட்டு என்று எடுத்துக்கொள்ளலாம், அல்லது இரண்டையுமே விட்டுவிடலாம். நீண்ட நேரம் நிற்பது நல்லது, நீண்ட நேரம் ஏறுவது கெட்டது என்று புரிந்தால்தான் இதைப் பிரிக்க முடியும். இன்றைய பெரிய மொழி மாதிரிகள், அதாவது மலைமலையான எழுத்தில் பழகி அடுத்த சொல்லைக் கணிக்கும் மென்பொருள்கள், இதையெல்லாம் பெரும்பாலும் சரியாகவே படிக்கின்றன. பெரும்பாலும் என்றால் எவ்வளவு என்பதைத்தான் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

"முன்னாடி வாங்கியது குப்பை, இது அப்படியில்லை" என்பது இன்னொன்று. இதில் இருக்கும் ஒரே வலுவான சொல் குப்பை. அது இந்தப் பொருளைப் பற்றியதே இல்லை.

மொழி கலந்து எழுதும்போது சிக்கல் கூடுகிறது. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி, நடுநடுவே ஆங்கிலச் சொல்லைப் போட்டு எழுதுவதுதான் இணையத்தில் நம் வழக்கம். இப்படிப்பட்ட யூடியூப் கருத்துகள் 15,744ஐத் திரட்டி, உணர்வு குறித்த ஒரு தொகுப்பை ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்டார்கள். நல்ல தொடக்கம் அது. ஆனால் விற்பனைக்கு வரும் கருவியின் விளம்பர எண் ஆங்கில ரிவியூக்களில் அளந்ததாக இருந்தால், கலப்பு மொழியில் அது எப்படி நடக்கும் என்பதற்கு அந்த எண் எந்தச் சாட்சியும் சொல்லாது.

சுருக்கம் எழுதும் கருவிகள்

இங்கே சரி, தப்பு என்று ஒரு சொல்லில் முடியாது. ஒரு சுருக்கத்தை மூன்று கோணத்தில் பார்க்க வேண்டும்.

சுருக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மூல ரிவியூக்களில் ஆதாரம் இருக்கிறதா என்பது முதலாவது. மொழி மாதிரிகள் யாரும் சொல்லாததையும் சரளமாக எழுதிவிடும். இதை மாயத் தகவல் என்று வைத்துக்கொள்வோம். சோதிப்பது சுலபம், ஆனால் பொறுமை வேண்டும்: ஒரு வாக்கியத்தை எடுத்து, அதைச் சொன்ன ஒரு ரிவியூவையாவது கண்டுபிடிக்க வேண்டும். மூல ரிவியூவுக்கு நேராகக் கூட்டிப்போகும் இணைப்பைத் தராத கருவியை நான் ஒரு படி கீழேதான் வைப்பேன்.

அடுத்தது அளவு. "சிலர் சத்தம் அதிகம் என்கிறார்கள்" என்று எழுதியிருந்தால், அந்தச் சிலர் மூன்று பேரா, முந்நூறு பேரா? இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போடும் சுருக்கம் வாசகரைத் திசைதிருப்பும்.

மூன்றாவதுதான் எனக்கு அதிகக் கவலை தருவது. 2000 ரிவியூக்களில் மூன்றே மூன்று பேர் "சார்ஜ் போட்டபோது புகை வந்தது" என்று எழுதியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பான்மையைச் சுருக்குவது என்ற வேலையைக் கருவி ஒழுங்காகச் செய்தால், அந்த மூன்றும் காணாமல் போய்விடும். அதன் கணக்கில் அது தவறே இல்லை. வாங்கப் போகிறவருக்கோ, மிச்சம் 1997 ரிவியூக்களையும்விட அந்த மூன்றுதான் முக்கியம். அரிதாக வரும் கடுமையான புகாரைக் கருவி மேலே கொண்டுவருகிறதா என்று தனியாகச் சோதிக்க வேண்டும். சராசரியில் இது தெரியாது.

நீங்களே சோதித்துப் பார்க்க

உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பொருளை எடுங்கள். நீங்களே மாதக்கணக்கில் பயன்படுத்தியது என்றால் இன்னும் நல்லது. அதன் ரிவியூக்களில் 100ஐக் குலுக்கி எடுங்கள். மேலே இருப்பதையே எடுத்தால் தளம் ஏற்கெனவே வரிசைப்படுத்தியது உங்கள் கையில் வரும். கருவியைத் திறப்பதற்கு முன்பே உட்கார்ந்து படித்து, விடை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கருவியின் பதிலைப் பார்த்துவிட்டுப் படித்தால் மனம் அதன் பக்கமே சாயும். இன்னொருவரும் தனியாக எழுதினால் மிக நல்லது.

அப்புறம் ஒப்பிடுங்கள். கருவி தவறவிட்டவை ஒரு பக்கம், வீணாகக் குறி போட்டவை ஒரு பக்கம். இரண்டு குவியலையும் எண்ணுவதோடு நிற்காமல் படியுங்கள். தவறுகள் ஒரே மாதிரி இருக்கின்றனவா? குட்டி ரிவியூக்களில் மட்டும் தடுமாறுகிறதா? மொழி கலந்து எழுதுபவர்களையே சந்தேகிக்கிறதா? ஒரு சாராரின் எழுத்தை மட்டும் குறிவைத்துத் தள்ளும் கருவி, எண்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

100 போதுமா? ஓரளவுக்கு. 20 ரிவியூவில் 16 சரி என்றால் 80 சதவீதம்தான்; ஆனால் எட்வின் வில்சன் 1927இல் தந்த சூத்திரத்தைப் போட்டால், உண்மையான திறன் 58 முதல் 92 சதவீதம் வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் என்று வருகிறது. 100இல் 80 சரி என்றால் அந்த வீச்சு 71 முதல் 87 வரை சுருங்குகிறது. இந்த வீச்சுக்கு நம்பக இடைவெளி என்று பெயர். இரண்டு கருவிகளுக்கு நடுவே மூன்று, நான்கு சதவீத வித்தியாசம் வந்தால் 100 ரிவியூவை வைத்து ஒன்று வென்றது என்று அறிவிக்க முடியாது.

எது அதிகம் வேண்டும், பிரிசிஷனா ரீகாலா என்பதற்கும் இங்கே விடை கிடைத்துவிடும். பத்து ரிவியூ படித்துவிட்டு ஒரு ஹெட்போன் வாங்கப் போகிறவருக்கு, கொஞ்சம் அதிகமாகக் குரைக்கும் கருவி பாதகமில்லை. நல்ல ரிவியூ நாலு போனால் இன்னும் நூறு இருக்கிறது. ரிவியூக்களை நீக்கும் அதிகாரம் உள்ள தளத்துக்கு அது பொருந்தாது. அங்கே ஒவ்வொரு தவறான குறியும் ஒருவர் எழுதியதை அழிக்கிறது. அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் போலி ரிவியூக்களை வாங்குவதையும் விற்பதையும் தடைசெய்யும் விதியை 2024 அக்டோபரில் நடைமுறைக்குக் கொண்டுவந்த பிறகு, தளங்கள் வடிகட்டிகளை இறுக்க இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. இறுக்கும்போது யார் உள்ளே மாட்டுகிறார்கள் என்று எண்ணுவதும் அதே அளவுக்குத் தேவை.

ஒருமுறை சோதித்தது நிலைக்காது என்பதையும் கணக்கில் வையுங்கள். போலி எழுதுபவர்களும் இப்போது மொழி மாதிரிகளைத்தான் பயன்படுத்துகிறார்கள். எழுத்து நடையை வைத்துப் பிடிப்பது நாளுக்கு நாள் கடினமாகிறது. கருவிகளே காணாமலும் போகின்றன. பொருட்களின் ரிவியூக்களுக்கு ஏ முதல் எஃப் வரை தரம் கொடுத்துவந்த ஃபேக்ஸ்பாட்டை மொஸில்லா 2023இல் வாங்கியது. 2025 ஜூலை 1ஆம் தேதி மூடிவிட்டது. அதையே நம்பியிருந்தவர்கள் வேறு கருவிக்கு மாற வேண்டியிருந்தது. அதனால் நீங்கள் விடை குறித்த அந்த 100 ரிவியூக்களைத் தேதி போட்டு ஒரு கோப்பில் சேமித்து வையுங்கள். கருவி புதுப்பிக்கப்பட்டாலும், வேறொன்றுக்கு மாறினாலும் அதே நூறை மறுபடி ஓட்டி, பழைய முடிவோடு வரிக்கு வரி ஒப்பிடலாம். அவ்வப்போது புதிதாக ஒரு இருபது, முப்பது ரிவியூக்களையும் படித்து அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.